ஐந்து நிமிடம் நிற்கும் சேதி

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, தேவையில்லாத சத்தங்களை நிறுத்துவதுதான். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைக்காரர் பெட்டியை இறக்கி, ஒயரைச் சொருகி, மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதன் பிறகு அது நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மழை வருமாம். பழைய போட்டோ பார்க்கலாமாம். வைரஸ் ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லை என்பதற்கு எதற்கு ஒரு மணி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அஃப்ரீன், நேற்று நீ அனுப்பியதில் கடைசி வரி, "ஏன் அத்தை?" என்பது. மற்றதற்கெல்லாம் உடனே பதில் போட்டுவிட்டேன். அதற்கு முடியவில்லை. இன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து அண்ணன் உளுந்து வயலைப் பார்க்கப் போயிருக்கிறார். வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் அடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரத்தநாட்டில் டைப் படித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர் பாஸ் செய்தவள் நான். வேலைக்குத்தான் போகவில்லை. என் எழுத்து கொஞ்சம் மனு மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நாம் நேரில் பார்த்ததில்லை. உன் கணவன் ராஜ்குமாருக்கு நான் அப்பா கூடப் பிறந்த அத்தை, பிரகதீஸ்வரி. அவனுக்கு நாலு வயதாகும்போது அவன் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, கால்நடைக் கல்லூரியில் சேர்ந்த அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டது எல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நியூசிலாந்துக்குப் போகும் முன் இந்தப் பெட்டியை வாங்கி வைத்தது அவன்தான். என் அண்ணன் துரைராசுவுக்குக் கண்ணில் பிரஷர், போனில் எழுத்து தெரியாது. காதும் மந்தம். அதனால் போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜரிலேயே கிடக்கும். அதற்கு வருவதெல்லாம் இந்தப் பெரிய திரையில் வரும்படி செய்தான். யாராவது எழுதினால் திரையின் கீழே வலது மூலையில் ஒரு சீட்டு எட்டிப் பார்க்கும், பெரிய ஸ்பீக்கரில் கொல்லை வரைக்கும் கேட்கும்படி ஒரு மணி அடிக்கும். அண்ணன் சீட்டின் மேல் அம்பை வைத்து அழுத்திப் படிப்பார். அவருக்கு அந்தப் பெட்டியில் தெரிந்தது அவ்வளவுதான். சீட்டு வராவிட்டால் அதில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அந்தச் சீட்டு சாதாரணமாக ஐந்து விநாடி நின்றுவிட்டுப் போய்விடுமாம். ராஜ்குமார் அதை ஐந்து நிமிடம் நிற்கும்படி மாற்றினான். "அப்பா கொல்லையில மாட்டுகிட்ட நிப்பாங்க அத்தை. கால் கழுவிட்டு வந்து, கண்ணாடியத் தேடி, உக்காந்து படிக்கணும்ல" என்றான். எங்கே போய் எதை மாற்றுவது என்று எனக்கும் காட்டிக் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். ஒரு பக்கம் தள்ளினால் பேசும், மறுபக்கம் தள்ளினால் பேசாது. நல்ல பிள்ளை, நிதானமாகச் சொல்லித் தருவான்.

அவன் போன பிறகு நான் ஒவ்வொரு பொத்தானாகத் தள்ளினேன். மழை போயிற்று, போட்டோ போயிற்று, வைரஸ் போயிற்று. "இப்பத்தான் நிம்மதியா இருக்கு பிரகதி. எப்படிக் கத்துக்கிட்ட?" என்றார் அண்ணன். அவர் என்னைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே வேகத்தில் ஒரு தப்பும் செய்தேன். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு மடை திறப்பது என்பதை இப்போது வாட்ஸ்அப்பில் வாய்க்கால் குரூப்பில்தான் போடுகிறார்கள். குரூப் சத்தம் எல்லாவற்றையும் நான் மொத்தமாக அடைத்ததில் அதுவும் அடைபட்டுவிட்டது. ஆவணி மாதம், நாற்று விட்டிருந்த நேரம். எங்கள் முறை வந்து போனது தெரியவில்லை. தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது. நாற்றங்கால் வெடித்தது. அண்ணன் சத்தம் போடவில்லை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் அடைக்கக் கூடாது. எது கட்டாயம் வர வேண்டும் என்று ஒரு பட்டியல் போட இடம் இருக்கிறது. வாய்க்கால் குரூப்பை அதில் முதலாவதாகச் சேர்த்தேன்.

இரண்டாவதாக ராஜ்குமாரைச் சேர்த்தேன். அதையும் நான்தான் செய்தேன் என்பதை நீ மறக்காதே.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். முப்பது வருடமாக இந்த வீட்டில் சாயங்காலம் நான் கீரை ஆய்வேன், அண்ணன் எதிரே உட்கார்ந்து பேசுவார். யார் வயலில் புகையான் பூச்சி விழுந்தது, எந்த மாடு சினை பிடித்தது, இதுதான். எனக்கு வேறு பேச்சுத் துணை இல்லை. பெட்டி வந்த பிறகு அவர் நாற்காலியைத் திரைக்கு முன்னால் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "இரும்மா, சத்தம் கேக்குது" என்பார். பாதி நேரம் சத்தமே கேட்டிருக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு டப்பாவின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. கீரையை ஆய்ந்துகொண்டே அழுதிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் முன்பு ராஜ்குமார் உன்னைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அண்ணனுக்கு நீ அதிராம்பட்டினத்துப் பெண் என்பதிலோ, முஸ்லிம் என்பதிலோ வருத்தம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இருந்தாலும் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். அவருக்குத் தாங்காமல் போனது வேறு. பெற்ற பிள்ளையின் கல்யாணச் சேதியை டீக்கடையில் அடுத்தவன் போனில் பார்க்க வேண்டி வந்தது. வீட்டுக்கு வந்து, "இனிமே அவன் சேதி எதுவும் என் காதுல விழக் கூடாது" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அப்போதும் நான் எதையும் தொடவில்லை. ராஜ்குமாரின் சீட்டு தினமும் மத்தியானம் வரும், அங்கே அப்போது சாயங்காலம். அண்ணன் அதை அழுத்த மாட்டார். ஆனால் மணி அடித்ததும் கொல்லையிலிருந்து வந்துவிடுவார். ஐந்து நிமிடமும் அதன் எதிரே உட்கார்ந்திருப்பார், வெளியே தெரியும் முதல் வரியை மட்டும் படிப்பார். "அப்பா, மன்னிச்சிடுங்க." "அப்பா, சாப்பிட்டீங்களா." சீட்டு மறைந்ததும் எழுந்து போவார். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் விட்டிருந்தால் அழுத்தியிருப்பார். எனக்கு அது தெரியும்.

அந்த வாரத்தில்தான் அண்ணன் உரம் வாங்கப் போயிருந்த நேரத்தில் ஒரு சீட்டு வந்தது. நான் அழுத்திப் படித்தேன். "அப்பா, இங்க பெத்தவங்களுக்கு விசா குடுக்கிறாங்க. நீங்க வந்து எங்களோடயே இருங்க. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம். அத்தையைப் பத்தி அப்புறம் யோசிச்சுக்கலாம்."

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விசாவில் அத்தைக்கு இடம் இல்லை, அதற்கு அவன் என்ன செய்வான். ஆனால் அந்தக் கடைசி வரியை நான் நிறையத் தடவை படித்தேன். சாதம் குழைந்துபோகும் வரைக்கும் படித்தேன். என்னைப் பற்றி எல்லாரும் அப்புறம்தான் யோசித்திருக்கிறார்கள். என் கல்யாணத்தையும் அப்படித்தான் விட்டார்கள்.

அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எனக்கு இருபத்திரண்டு வயதில் முகூர்த்தம் குறித்து, பந்தலும் போட்டாகிவிட்டது. முதல் நாள் காலையில் பேராவூரணியில் எங்கள் பங்காளி ஒருவர் இறந்த சேதியைச் சொல்ல ஆள் வந்து வாசலில் நின்றார். பங்காளி சாவைக் கேட்டுவிட்டால் தீட்டு, கல்யாணம் நடத்தக் கூடாது. கேட்காத வரைக்கும் தீட்டு இல்லை. அதனால் மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள் என்றால், சேதி கொண்டு வருகிறவரைத் தெருமுனையிலேயே நிறுத்தி, காப்பி வாங்கிக் கொடுத்து, தாலி கட்டிய பிறகு உள்ளே விடுவார்கள். என் அப்பா நேர்மையானவர், கேட்டுக்கொண்டார். பந்தலைப் பிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று அடுத்த மாதமே வேறு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். ஒரு நாள் தாமதமாகச் சேதி வந்திருந்தால் நான் இன்று வேறு எங்கோ இருந்திருப்பேன். ஒரு சாவைக் கேட்பதும் கேட்காததும் நம் கையில் இருக்கிறது என்பதை நான் அப்போதே தெரிந்துகொண்டேன்.

விசாச் சேதி வந்த அன்றைக்கு ஐந்து நிமிடத்தை ஐந்து விநாடியாக மாற்றினேன். செய்தது அது ஒன்றுதான். கொல்லையில் இருக்கும் மனிதருக்கு மணி கேட்கும், காலைக் கழுவிக்கொண்டு வருவார், திரையில் ஒன்றும் இருக்காது. "என்னமோ சத்தம் கேட்டாப்புல இருந்துச்சே" என்பார். நாலைந்து நாள் அப்படி வந்து வந்து ஏமாந்து போனார். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்காகத்தான் மணியையும் நிறுத்தினேன். அழைப்புக்குத் தனியாக ஒரு பொத்தான் இருந்தது, அதையும் தள்ளினேன். கட்டாயம் வர வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தேன். வாய்க்கால் குரூப் மட்டும் இருந்தது. தண்ணீர்ச் சேதி ஒரு நாளும் தவறவில்லை.

அண்ணன் கொஞ்ச நாளில் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். மறுபடி கீரை, மறுபடி பேச்சு. தாயக்கட்டை கூட எடுத்தோம். எங்கள் வீட்டில் அத்தனை சந்தோஷமாக ஒரு சம்பா பருவம் போனதே இல்லை. நடுநடுவே அவர், "வேற ஒண்ணும் இல்லையே?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார். மகன் பெயரைச் சொல்ல மாட்டார், ரோஷக்காரர். நானும் "நீங்களே பாருங்கண்ணே" என்பேன். பார்ப்பார். இருக்காது. இந்த விஷயத்தில் நான் அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

ராஜ்குமாருக்குப் பதில் எழுத ஆரம்பித்தது இரக்கத்தால்தான். "அப்பா, இன்னும் கோபமா?" என்று எத்தனை நாள் ஒரு பிள்ளை கேட்பான்? ஒரு நாள் அண்ணன் பெயரில், "கோபம் இல்லை. வேலை இருக்கிறது" என்று அடித்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டான் தெரியுமா? நீயும்தான் எழுதினாய், "மாமா, அவங்க அழறாங்க" என்று. விசா பற்றிக் கேட்டான், "மண்ணை விட்டு வர மாட்டேன், இனி அந்தப் பேச்சு வேண்டாம்" என்றேன். வீடியோவில் வரச் சொன்னான், கண் கூசுகிறது என்றேன். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பதினாலு மாதம் தினமும் பேசினோம். அங்கே மாடு கன்று போட்டது, பனி பெய்தது, நீ கருவாட்டுக் குழம்பு வைத்தது எல்லாம் எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் அவ்வளவு பேசியதில்லை. முடிக்கும்போது, "அத்தையைக் கேட்டதாச் சொல்லுங்க" என்பான். சொல்கிறேன் என்று பதில் போடுவேன்.

பிறகு தை மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மாடுகளிடமிருந்து வந்த எலிக்காய்ச்சல் என்று எழுதினாய். எங்கள் ஊரில் நடவு நேரத்தில் இரண்டு மூன்று பேருக்காவது அது வரும், மாத்திரை சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அதனால் நான் பயப்படவில்லை. சிறுநீரகம் போயிற்று என்றாய். நுரையீரலில் ரத்தம் என்றாய். அவனே ஒரு நாள் தட்டுத் தடுமாறி அடித்தான், "அப்பா, ஒரு தடவை பேசுங்க." அப்புறம் நீ எழுதினாய், "மாமா, குரல் மட்டும் போதும். ஒரு நிமிஷம். பதிவு பண்ணி அனுப்புங்க, காதுல வைக்கிறேன்."

குரல் என்னிடம் இல்லை. எழுத்துத்தான் என் கையில் இருந்தது. குரல் கொல்லையில் இருந்தது. இந்த நாற்காலியிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு முப்பது அடி இருக்கலாம். அண்ணன் பசுவுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார், ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எழுந்து போய், அண்ணே, இங்க வாங்க என்றால் போதும். நான் எழுந்தேன். நிலைப்படி வரைக்கும் போனேன். கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, "அறுப்பு நடக்கிறது. மிஷின் வந்து நிற்கிறது. முடித்துவிட்டுப் பேசுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அடித்தேன். அறுப்பு முடிந்து அன்றைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது.

அதற்கு அவன் பதில் போடவில்லை. மறுநாள் காலையில் குக்கர் இரண்டாவது விசில் விடும்போது நீ எழுதியதைப் பார்த்தேன்.

நான் கேட்டுவிட்டேன், எனக்குத் தீட்டு. கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், நிறைய ஊற்றிக்கொண்டேன். அண்ணன் கேட்கவில்லை, அவருக்குத் தீட்டு இல்லை. அவர் அன்று இட்லி சாப்பிட்டார், ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். உடலை ஊருக்கு அனுப்பவா என்று நீ கேட்டிருந்தாய். "வேண்டாம். அங்கேயே காரியத்தை முடித்துவிடுங்கள். எனக்குப் பார்க்கத் தெம்பில்லை" என்று மாமா எழுதியதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாயே, அதுவும் நான்தான். அவன் கூடப் படித்தவர்கள் பதினேழு பேர் இரங்கல் எழுதியதும் இந்தப் பெட்டிக்குத்தான் வந்தது. ஒருவர் விடாமல் நன்றி சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் உன் வாப்பா அப்துல் அஜீஸ் துக்கம் விசாரிக்க வந்தார். அண்ணன் உடைந்து போய்ப் படுத்திருக்கிறார், யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை என்று வாசலோடு அனுப்பினேன். அவர் போன வழியில் உளுந்து வயலில் அண்ணன் நின்றிருக்கிறார். நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். உன் வாப்பா யாரென்று சொன்னதும் அண்ணனே இறங்கி வந்து, சம்பந்தி என்று கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் நல்லா இருக்கானா? நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாராமே. உன் வாப்பா உண்மையைச் சொல்ல மனம் வராமல், சொல்றேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராமே. நல்ல மனிதர். அதிலிருந்துதான் இத்தனை நாள் எழுதியது நான் என்று உனக்குப் புரிந்தது.

நாளை பதினோரு மணிக்கு அஸ்தியோடு வருவதாக எழுதியிருக்கிறாய். பதினோரு மணிக்கு வேண்டாம், மூன்று மணிக்கு வா. அண்ணன் சாப்பிட்டிருப்பார். கேட்டுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இறங்காது.

இன்று பதினாறாம் நாள். கருமாதி செய்ய வேண்டிய நாள். வடை, பாயசம், அவனுக்குப் பிடித்த வாழைப்பூ உருண்டை எல்லாம் செய்து, சமையலறையில் ஓர் இலையில் அவன் பேருக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு, அண்ணனுக்குப் பரிமாறினேன். அண்ணன் இலையைப் பார்த்து, "என்ன விசேஷம்? உன் பொறந்த நாளா?" என்றார். ஐம்பத்தேழு வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நல்லா இரு பிரகதி" என்று என் தலையில் கை வைத்தார்.

காலையிலேயே எல்லாப் பொத்தானையும் பழையபடி தள்ளி வைத்திருந்தேன். மணி, சீட்டு, ஐந்து நிமிடம், எல்லாம் அவன் வைத்துவிட்டுப் போன மாதிரியே. இனி அடைத்து வைக்க ஒன்றும் இல்லை. அண்ணன் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, போய் உட்கார்ந்தார். சீட்டு அவருக்காக நின்றுகொண்டிருந்தது. நாளைக்கு மழை வருமாம்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பெயரைச் சொல்லிக் கேட்டார். "ராஜ்குமார்கிட்டேருந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரலண்ணே" என்றேன்.

அது பொய் இல்லை அஃப்ரீன். பதினாறு நாளாக அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.